கத்தாளையின் காதுக்கல்

வெள்ளமணல்துறைக் கடல் ஆராய்ச்சி நிலையத்தில், ஒரு புதன்கிழமை, டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால், எம்.எஸ்ஸி. மாணவர்கள் எட்டுப் பேர் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கி அறையில் குளிரில் கைகட்டி நின்றுகொண்டிருந்தபோது, மூவாயிரம் மடங்கு பெரிதாகத் திரையில் தெரிந்த ஒரு கத்தாளை மீனின் காதுக்கல்லில், நானூற்றுப் பன்னிரண்டாவது வளையத்தில், "ஏல, வெத்தலப் பொட்டிய எங்கன வச்ச?" என்று எழுதியிருந்தது.

கத்தாளையின் தலைக்குள் இரண்டு வெள்ளைக் கல் இருப்பது அந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கல்லால்தான் மீனுக்குக் காது கேட்கிறது என்பதும், மரத்துக்கு வருஷத்துக்கு ஒரு வளையம் என்றால் அந்தக் கல்லுக்கு நாளுக்கு ஒரு வளையம் என்பதும், கல்லைத் தேய்த்து, ஒரு துளி அமிலத்தில் நனைத்து, காயவைத்து, கண்ணுக்கே தெரியாத அளவுக்குத் தங்கம் பூசி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட பெட்டிக்குள் வைத்தால் வளையங்களை எண்ணி மீனின் வயதைச் சொல்லிவிடலாம் என்பதும் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்களுக்குத் தெரியும். மீன் வாழ்நாள் முழுக்கக் கேட்டதையெல்லாம் அந்த வளையங்களிலேயே எழுதியும் வைத்துக்கொள்கிறது என்பது மட்டும்தான் அன்றைக்குப் புதிதாகத் தெரிந்தது. மாணவர்கள் நோட்டில் "வயது: 431 நாள். கேட்டது: வெற்றிலைப் பெட்டி பற்றி" என்று குறித்துக்கொண்டார்கள். துறைத் தலைவர் டாக்டர் உலகம்மை மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளித் திரையைப் பார்த்து, "அளவுக்கோடு எங்க? அளவுக்கோடு இல்லாத படத்த எங்கிட்டக் காட்டாதீங்க" என்று மட்டும் சொன்னார். டீ வந்தது. குடித்தார்கள்.

நுண்ணோக்கியை இயக்குகிறவன் ஞானதுரை. முப்பத்தெட்டு வயது, நாசரேத் பக்கம், ஒழுங்கான ஆள், அந்த அறையின் குளிரில் யாருக்கும் வேர்க்காத இடத்தில் அவனுக்கு மட்டும் மூக்கு வேர்க்கும். மீனின் கையெழுத்து லேசில் வாசிக்கக்கூடியதாக இல்லை. பக்கத்தில் படகு ஓடியிருந்தால் இஞ்சின் சத்தம் மை கொட்டியது மாதிரி வரிமேல் படிந்திருக்கும், காற்று நாட்களில் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகிடக்கும். டாக்டர் உலகம்மை முயன்று பார்த்துக் கண் வலிக்கிறது என்று விட்டுவிட்டார். மாணவர்களுக்குப் பொறுமை இல்லை. பதினான்கு வருஷமாகத் திரையில் புள்ளியையும் கோட்டையும் பார்த்துப் பழகிய ஞானதுரைக்கு மட்டும் அது பேப்பர் வாசிக்கிற மாதிரி வந்தது.

விஷயம் நிலையத்துக்குள் நிற்குமா? நிலையத்துக்குப் படகு ஓட்டுகிற சிலுவை அன்று மத்தியானமே வீட்டில் சொன்னான். அவன் மனைவி பனிமயம் கரையில் மீன் விற்கிறவள். அவளிடம் ஒரு சமாச்சாரம் போனால் ஊரில் ஒலிபெருக்கிக்கு வேலை இல்லை. மறுநாள் காலையில் நிலைய வாசலில் நாற்பது பெண்கள் ஆளுக்கொரு கத்தாளைத் தலையோடு நின்றார்கள்.

"தம்பி, இதுல எங்க வீட்டு அவிய பேச்சு இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க" என்றாள் முதலில் நின்ற பனிமயம்.

"அக்கா, இது ஆராய்ச்சிக் கருவி."

"ஆராயத்தான சொல்லுதேன்?"

டாக்டர் உலகம்மை, பொதுமக்களுக்கு அறிவியலைக் கொண்டுபோவது நிலையத்தின் கடமைகளில் ஏழாவதாக அச்சடித்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல, செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் மூன்றிலிருந்து ஐந்து வரை ஊருக்கு என்று ஆனது. விண்ணப்பத்தாள் வந்தது. 'வாசிக்க வேண்டிய காரணம்' என்ற இடத்தில் எல்லோரும் 'சந்தேகம்' என்று எழுதினார்கள். கல்லுக்குத் தங்கம் பூசுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்த பனிமயம், "எம்மவ காதுல பொட்டுத் தங்கம் இல்ல, மீனு காதுக்கு வந்த வாழ்வப் பாத்தியளா" என்று வருத்தப்பட்டாள்.

அதற்குப் பிறகு வெள்ளமணல்துறையில் நடந்ததையெல்லாம் சொன்னால் ஒரு மாசம் ஆகும். காணாமல் போன வலை யார் வீட்டுக் கூரையில் கிடக்கிறது என்பது தெரிந்தது. நடுக்கடலில் நாலு ஆண்கள் உட்கார்ந்து பெண்டாட்டிகளின் குழம்பைப் பற்றிப் பேசியது தெரிந்து, அந்த நாலு வீட்டிலும் மூன்று நாள் அடுப்புப் பற்றவைக்கப்படவில்லை. அதன்பின் ஆண்கள் கடலுக்குப் போனால் படகு ஓரத்தில் குனிந்து, தண்ணீருக்குக் கேட்கும்படி, "எங்க வீட்டுல நேத்து வச்ச புளிமுளம் மீன்கொழம்பு மாதிரி இந்தக் கரையில ஒருத்தி வைக்க முடியாது" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வலையை இறக்கினார்கள். பெண்கள் அதைக் கல்லில் வாசித்துக் கேட்டு, பொய்யென்று தெரிந்தும் சந்தோஷப்பட்டார்கள். தேர்தல் வந்தபோது ஒரு வேட்பாளர் படகில் மைக் கட்டிக்கொண்டு போய்க் கடலுக்குள் வாக்குறுதி கொடுத்துவிட்டு வந்தார், பின்னால் இல்லை என்று சொல்ல முடியாதாம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்வது ஒன்றும் கல்லில் இருப்பது ஒன்றுமாக இருக்கிறதே என்று பங்குச்சாமியார் பிரசங்கத்தில் குறைப்பட்டுக்கொண்டார். வெளியூரிலிருந்து வந்த ஒரே ஒரு ஆய்வாளர்தான் "இது எப்படிச் சாத்தியம்?" என்று கேட்டார். அவருக்கு இளநீர் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

இந்தக் கூத்தையெல்லாம் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்த ஞானதுரைக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. அவனும் கடலில் ஒன்று சொல்லியிருந்தான்.

நிலையத்து வாசலில் வண்டிச்சக்கரம் அளவுக்கு சிமெண்டில் ஒரு வட்டத்தட்டு நிற்கும். அதன் தலையில் கிரீடம் மாதிரி பதினொரு உருண்டை மணிகள். தண்ணீர்த் துளிக்குள் மிதக்கும் கண்ணாடி போன்ற ஓடுள்ள, கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்றின் சிலை அது. அப்படித் தலையில் மணி வைத்த பாசியை உலகத்தில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஞானதுரை எடுத்த படத்தில்தான் அது முதலில் தெரிந்தது. டாக்டர் உலகம்மை முப்பது வருஷம் கடலில் தேடி, முதன்முதலாகக் கிடைத்த புது உயிர். அதற்குப் பெயர் வைக்கும் உரிமை அவருக்கு. தன் பெயரை வைக்கவில்லை, தன் அப்பா பெயரை வைக்கவில்லை. வாயில் நுழையாத முதல் பாதிக்குப் பின்னால் 'ஞானதுரையி' என்று வைத்தார். படம் எடுத்தவன் பெயரை யார் வைப்பார்கள்? ஞானதுரையின் அம்மா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு, இயேசு படத்துக்கு ஒரு விரற்கடை கீழே மாட்டினாள். அவன் அன்றைக்கு அழுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சிலை திறந்து எட்டாம் நாள், அவன் மூக்கு வேர்த்ததென்று பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, மாதிரியை ஒட்டிவைக்கும் உலோகக் குமிழை, எதையும் ஒட்டாமல் வெறுமனே உள்ளே வைத்துக் கருவியைச் சரிபார்த்தான். வெறும் குமிழில் மணிகள் உட்கார்ந்திருந்தன. அதே உருண்டை, அதே பளபளப்பு. திருவிழாக் கடையில் வாங்கிய, மாவு கலந்த வாசனைப் பவுடர். உலகத்தில் யாரும் பார்த்திராத அந்தக் கிரீடம் அவன் மூக்கிலிருந்து உதிர்ந்தது.

அதை டாக்டர் உலகம்மையிடம் எப்படிச் சொல்வது? அந்த வாரம்தான் அவரைச் சென்னைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டிருந்தார்கள். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை சோதனைக்குத் தண்ணீர் எடுக்கக் கடலுக்குப் போனார்கள். சிலுவை இஞ்சினை அணைத்துவிட்டு படகின் முன் நுனியில், முன்னணியத்தில், உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். ஞானதுரை குமட்டுகிறது என்று இடப்பக்கம் போய்க் குனிந்து, மெதுவாகக் கடலிடம் எல்லாவற்றையும் சொன்னான். நிமிர்ந்து பார்த்தால் டாக்டர் உலகம்மையும் வலப்பக்கம் குனிந்துகிடந்தார். முப்பது வருஷத்தில் ஒரு நாளும் கடல் ஒத்துக்கொள்ளாமல் போகாத மனுஷி. பாவம், வெயில் என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது அந்தச் சனிக்கிழமை, அந்தக் குடாவில் நீந்திய ஒவ்வொரு கத்தாளையின் காதிலும் இருக்கிறது. கேட்ட மீனெல்லாம் வளர்ந்துகொண்டிருக்கிறது. என்றைக்காவது ஒரு பெரிய மீனின் கல் திரையில் வரும், மாணவர்கள் பார்க்க, டாக்டர் உலகம்மை பார்க்க. அதனால் ஞானதுரை ஓர் அறிவிப்பு எழுதி ஒட்டினான்: 'ஒரு சாணுக்கு மேற்பட்ட மீனின் கல் ஏற்கப்படாது.' சந்தேகம் வராமல் இருக்க அதன் கீழே இன்னொன்றும் எழுதினான்: 'வாசிக்கத் தொடங்கினால் முழுக்க வாசிக்கப்படும். பாதியில் நிறுத்தக் கேட்கக் கூடாது.'

"அதென்ன சாண் கணக்கு?" என்றாள் பனிமயம். "பெரிய மீனுக்குத்தான பழைய கத தெரியும்?"

"கருவி தாங்காதுக்கா."

"கல்லு கடுகளவுதான இருக்கு?"

"கனம் அக்கா. பேச்சோட கனம்."

பனிமயம் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "செரி, கனம் உள்ளவிய சொன்னா செரிதான்" என்று போய்விட்டாள். அவள் பார்வை அவனுக்குப் பிடிபடவில்லை. அந்த ஊரில் இன்னொன்றும் அவனுக்குப் பிடிபட்டதில்லை. சிலைக்கு வருஷா வருஷம் ஆண்டுவிழா எடுக்கிறபோது, ஊர்ப் பெண்கள் மாலையோடு ஒரு பவுடர் டப்பாவும் கொண்டுவந்து, பதினொரு மணிகளிலும் நன்றாக அப்பிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு போவார்கள். கல்யாண வீட்டில் சந்தனம் பூசுகிற மாதிரி இந்தக் கரையில் இது ஒரு வழக்கம்போல என்று அவன் நினைத்துக்கொள்வான்.

இப்படியே டாக்டர் உலகம்மை ஓய்வு பெறும் வாரமும் வந்துவிட்டது. வெள்ளியோடு முடிந்தால் தப்பித்தான். வியாழக்கிழமை காலை, தன் கடைசி வகுப்புக்கு, அவர் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியோடு வந்தார். பின்னாலேயே, கூடையை வெளியில் வைத்துவிட்டுப் பனிமயம்.

"ஞானம், இந்தக் கல்லப் போடுப்பா."

"எவ்வளவு பெரிய மீன் மேடம்?"

"முழங்கை நீளம். டீச்சருக்காவத் தேடிப் புடிச்சேன்" என்றாள் பனிமயம். "எட்டு நாளா ஒரே மீனுதான் கேக்காவ. பெரிசு வேணும், பெரிசு வேணும்னு."

"மேடம், அறிவிப்பு..."

"நான் இன்னும் நாளைக்கு வரைக்கும் துறைத் தலைவர்தான்" என்றார் டாக்டர் உலகம்மை. குரல் கறாராக இருந்தது. குப்பியை மட்டும் தலைகீழாக நீட்டினார். வயசு என்று ஞானதுரை நினைத்தான்.

தேய்த்தான். நனைத்தான். காயவைத்தான். எவ்வளவு மெதுவாகச் செய்ய முடியுமோ அவ்வளவு மெதுவாகத் தங்கம் பூசினான். பெட்டியைச் சாத்தி, பம்பு காற்றை உறிஞ்சி முடிக்கிறவரை மின்சாரம் போகாதா என்று வேண்டிக்கொண்டான். எட்டு வருஷமாக வியாழன் தவறாமல் போகிற மின்சாரம் அன்றைக்குப் போகவில்லை.

வாசித்தான். நண்டு வலை, மழை, சிலுவையின் இருமல், யாரோ பாடிய ஞானப்பாட்டு, ஒரு கப்பல் போன அதிர்வு. மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். டாக்டர் உலகம்மை முதல் வரிசையில் உட்கார்ந்து, எப்போதும் போல ஒவ்வொரு வளையத்துக்கும் நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். பிறகு தடித்த கரிய வளையம் ஒன்று வந்தது. சிலை திறப்புக்குப் போட்ட வெடி. அதிலிருந்து பதினோராவது வளையத்துக்கு, அந்தச் சனிக்கிழமைக்கு, அவன் போய்ச் சேர்ந்தபோது மூக்கு வேர்த்துக் கொட்டியது.

திரையில் அவன் பேச்சு இருந்தது. நல்ல அமைதியான நாள், இஞ்சின் கறை இல்லை, அச்சடித்த மாதிரி இருந்தது.

கருவியின் திருகை அரைச் சுற்றுச் சுற்றினால் வளையம் திரையை விட்டு ஓடிவிடும். சுற்றக்கூட வேண்டாம், 'இன்றைக்கு மழை இல்லை' என்று வாசித்தால் போதும், அந்த அறையில் அவனைத் தவிர யாருக்கும் அந்தக் கையெழுத்து ஓடாது. வாயைத் திறந்தும்விட்டான். பக்கவாட்டில் பார்த்தான். டாக்டர் உலகம்மை பேனாவை நோட்டின்மேல் ஊன்றிக் காத்திருந்தார். அவன் என்ன சொல்கிறானோ அதை அப்படியே எழுதிக்கொள்ளத் தயாராக இருந்தார். பதினான்கு வருஷமாக அவன் பார்த்துச் சொன்னதை ஒரு முறைகூட அவர் சந்தேகப்பட்டதில்லை. அந்த நம்பிக்கையால்தானே இவ்வளவும் வந்தது.

"'கடல் மாதாவே,'" என்று வாசித்தான். "'அந்தக் கிரீடம் உயிர் இல்ல. என் மூஞ்சிப் பவுடர். மேடம் முப்பது வருஷம் கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சது என் பவுடர். சொன்னா அவங்க மானம் போயிரும். சொல்லாட்டி நான் திருடன். நான் என்ன செய்வேன்?'"

எட்டு மாணவர்களும் எட்டுத் திசையில் பார்த்தார்கள். ஞானதுரை எழுந்து கதவுப் பக்கம் திரும்பினான்.

"உக்காரு" என்றார் டாக்டர் உலகம்மை. "அந்த வளையம் இன்னும் முடியல. வலது பக்கம் நகத்து."

நகர்த்தினான். அதே நாள், அதே வளையம், வேறு பேச்சு. வாசித்தான், வாசிக்க வாசிக்கத்தான் யார் பேச்சு என்பது அவனுக்கு விளங்கியது.

"'அந்தப் பாசியக் கழுவிப் பாத்தேன் தாயே, மணியெல்லாம் உதிந்துபோச்சு. அது பவுடர். நாந்தான் கவனிச்சிருக்கணும், நான்தான் படிச்சவ. ஆனா அந்தப் பிள்ள பேர வச்சுட்டேனே. அவன் அம்மை படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கா. எப்படிப் போய்க் கழட்டச் சொல்லுவேன்? என் மானம் போனாப் போகுது, அவன் அழுத அழுகைய நான் பாத்தேனே...'"

அவனால் மேலே முடியவில்லை. ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்தான்.

"அன்னைக்கு உங்களுக்கு வாந்தின்னு நெனச்சேன் மேடம்."

"நானும் உனக்குன்னுதான் நெனச்சேன்." டாக்டர் உலகம்மை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். "போறதுக்குள்ள உங்கிட்டச் சொல்லிரணும்னு பாத்தேன். வாய் வரல. மீன் சொல்லட்டும்னுதான் இதத் தேடிக் கொண்டாந்தேன்."

"முழுசா வாசிக்கணுமில்ல சார்?" என்றாள் ஒரு மாணவி, மெல்ல. "இன்னும் ஒரு வரி இருக்கு."

இருந்தது. வளையத்தின் கோடியில், பீடிப் புகை மாதிரி கொஞ்சம் கலைந்த எழுத்தில். ஞானதுரை மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசித்தான். "'இதென்னல கூத்து. இந்தப் பக்கம் இவரு பவுடருங்காரு, அந்தப் பக்கம் அவிய பவுடருங்காவ. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டா ஆகாதா? லே சிலுவ, வீட்டுல மூச்சு விட்ராத.'"

எல்லோரும் திரும்பிக் கதவைப் பார்த்தார்கள். பனிமயம் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"விட்டுட்டாவ" என்றாள். "அன்னைக்குச் சாயங்காலமே விட்டுட்டாவ. ஊருக்கே ரெண்டு வருசமாத் தெரியும். பெரிய படிப்புப் படிச்ச ரெண்டு பேரு ஒருத்தர் மனசு ஒருத்தர் நோவக் கூடாதுன்னு முழிச்சுக்கிட்டு அலையுதாவ, நாம எதுக்கு நடுவுலன்னு விட்டுட்டோம். அதான் வருசா வருசம் கொஞ்சம் பவுடரு போட்டுவிட்டோம். அப்பமாவது ஒறைக்குமான்னு."

மறுநாள் டாக்டர் உலகம்மை தன் கடைசிக் கடிதத்தை எழுதினார். அப்படி ஓர் உயிர் இல்லை, தவறு என்னுடையது, பெயரை நீக்கிவிடவும் என்று. ஞானதுரை 'தவறு எங்களுடையது' என்று திருத்தச் சொன்னான். அதற்கு இருவரும் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள், இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து. அம்மாவிடம் அவனே போய்ச் சொன்னான். அவள் படத்தைப் பார்த்து, "பேரு போனா என்ன, பவுடரு உன்னோடதுதான?" என்று கேட்டு, கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள். சிலையை இடிக்க ஆள் வந்தபோது ஊர்ப் பெண்கள் குறுக்கே நின்றார்கள். வழக்கமாகிவிட்டது, இனி நிறுத்த முடியாது என்றார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைச் சாயங்காலம், வழியனுப்பு விழாவும் சால்வையும் முடிந்தபின், டாக்டர் உலகம்மை ஒரு தடவை கடலுக்குப் போய்வர வேண்டும் என்றார். அதே இடத்தில் சிலுவை இஞ்சினை அணைத்துவிட்டு முன்னணியத்தில் பீடியோடு உட்கார்ந்தான். இந்தத் தடவை ஆளுக்கொரு பக்கம் போகவில்லை. பேசவேண்டியது நிறைய இருந்ததால் ஒரே பலகையில், ஒரே பக்கம், அருகருகே உட்கார்ந்தார்கள். படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது.

"சார், டீச்சர், எட பாத்து உக்காருங்க! மூணு பேரையும் கவுத்தப் போறியளா?" என்று சிலுவை கத்தினான். கீழே போய்க்கொண்டிருந்த கத்தாளைகள் அதையும் அன்றைய வளையத்தில் எழுதிக்கொண்டன. அதற்குமேல் டாக்டர் உலகம்மையும் ஞானதுரையும் சிரித்த சிரிப்பை எப்படி எழுதுவது என்று தெரியாததால், மீதி வளையத்தை வெறுமனே விட்டுவிட்டன.